ஜெர்சியில் நினைவுப் பேட்ச்: படமா, நம்பரா, எத்தனை நாளுக்கு?

மூன்றாவது ஸ்லிப் எழுதியது:

எங்கள் ஊர் டீமின் விக்கெட் கீப்பர் அண்ணன் இந்த வருடம் மாரடைப்பில் இறந்துபோனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. டீம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் கீப்பர், ஸ்டம்ப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு முதலில் வருகிற ஆளும் அவர்தான். அடுத்த சீசனுக்குப் புது ஜெர்சி அடிக்கப் போகிறோம், அதில் அவருக்காக ஏதாவது இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி என்பதில்தான் வாட்ஸப் குரூப்பில் அடிதடி.

பாதிப் பேர் நெஞ்சில் பெரிதாக அவர் போட்டோ, கீழே தோற்றம் மறைவு தேதி, "கண்ணீர் அஞ்சலி" என்று போட வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர் இது ஜெர்சியா ஃப்ளெக்ஸ் பேனரா என்று கேட்கிறார்கள். அவர் நம்பர் 27, அதை மட்டும் கையில் சின்னதாகப் போட்டால் போதும் என்று நான் சொன்னேன், "அது என்னன்னு யாருக்குத் தெரியும்?" என்று என்னை மடக்கிவிட்டார்கள். இன்னொரு கேள்வியும் ஓடுகிறது: ஒரு சீசன் மட்டுமா, இல்லை இனி எப்போதுமா? 27-ஐ வேறு யாரும் போடக் கூடாதா? (ஒரு சின்னப் பையன் ஏற்கெனவே கேட்டுவிட்டான், அவருடைய அண்ணன் மகன்தான்.)

பெரிய டீம்களெல்லாம் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தைக்கிற விஷயம் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.

பழைய ஸ்கோர்புக் எழுதியது:

முதலில் என் ஆறுதல். கீப்பரை இழந்த டீமுக்கு அந்த இடம் ஒவ்வொரு பந்துக்கும் கண்ணில் படும்.

நான் உங்கள் கட்சி. நம்பர் போதும். இதற்கு நான் பார்த்ததிலேயே சரியான உதாரணம் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஃபிலிப் ஹியூஸ். 2014 நவம்பர் 25, சிட்னியில் ஷெஃபீல்ட் ஷீல்ட் என்ற உள்நாட்டு ஆட்டம். 63 ரன்னில் இருந்தவர் ஒரு பவுன்சரை ஹூக் செய்யப் போய்த் தவறவிட, பந்து ஹெல்மெட்டின் பாதுகாப்பு இல்லாத இடத்தில், கழுத்தில் பட்டது. 27-ஆம் தேதி இறந்துபோனார், மூன்று நாள் தாண்டியிருந்தால் 26-வது பிறந்தநாள். இந்தியாவுடனான டெஸ்ட் தொடரையே தள்ளிவைத்து, டிசம்பர் 9 அன்று அடிலெய்டில் தொடங்கினார்கள். அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலிய வீரர்கள் அத்தனை பேர் சட்டையிலும் 408 என்று இருந்தது. ஆஸ்திரேலியாவுக்காக டெஸ்ட் ஆடிய 408-வது ஆள் ஹியூஸ். முகம் இல்லை, பெயர் இல்லை, தேதி இல்லை. புல்தரையில் அதே எண் பெரிதாக எழுதியிருந்தது. அணிப் பட்டியலில் 13-வது ஆளாக அவர் பெயரைச் சேர்த்தார்கள். ஆட்டத்துக்கு முன் 63 விநாடி கைதட்டல். வார்னர் 63-ஐத் தொட்டபோது ஆட்டத்தை நிறுத்தி மட்டையை வானத்துக்குத் தூக்க, அரைசதமும் இல்லாத சதமும் இல்லாத ஒரு ஸ்கோருக்கு அரங்கமே எழுந்து நின்றது. ஸ்மித் சதமடித்ததும் நேராக அந்த 408-க்கு நடந்துபோய் அங்கே நின்று மேலே பார்த்தார்.

"யாருக்குத் தெரியும்" என்கிறார்களே, தெரியாமல் இருப்பதுதான் அதன் பலமே. எதிரணிப் பையன் டாஸ் போடும்போது "அண்ணே, கையில என்ன 27?" என்று கேட்பான். நீங்கள் சொல்லுவீர்கள். சீசன் முழுக்க ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவருக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும். போட்டோவும் தேதியும் போட்டுவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், படித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இன்னொன்று, ஹியூஸின் ஒருநாள் ஆட்ட நம்பர் 64. அதை இனி யாருக்கும் தருவதில்லை என்று முடிவானது, மைக்கேல் கிளார்க் கேட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது. ஆனால் 408 சட்டையில் நிரந்தரமாக இருக்கவில்லை. நம்பரை ஒதுக்கிவைப்பதும் பேட்ச் குத்துவதும் தனித்தனி முடிவுகள், குரூப்பில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஷேன் வார்னுக்கும் இப்படித்தான். 2022 மார்ச்சில் அவர் இறந்த பிறகு, ஏப்ரல் 30 அன்று ராஜஸ்தான் ராயல்ஸ் காலரில் "எஸ்டபிள்யூ 23" என்று அவர் முதலெழுத்துகளும் நம்பரும் மட்டும் போட்டு ஆடினார்கள். இடம் டிஒய் பாட்டீல் மைதானம், அதாவது 2008-இல் அவர் தலைமையில் ராஜஸ்தான் நம்ம சென்னையை ஃபைனலில் தோற்கடித்த அதே இடம். கடைசிப் பந்து வரை போன அந்த மேட்சை இன்னும் எனக்கு முழுசாகப் பார்க்கத் தெம்பு வரவில்லை என்பது வேறு கதை.

லெக் பை எழுதியது:

எல்லாரும் போட்டோவை ஏன் இப்படி இளக்காரமாகப் பேசுகிறீர்கள் என்று புரியவில்லை. நம் ஊரில் ஒருவர் போய்விட்டால் முகத்தைத்தான் போடுவோம். தெருமுனை பேனரில், நினைவு நாள் விளம்பரத்தில், கபடி டோர்னமெண்ட் நோட்டீஸில் எல்லாம் முகம்தான். அவர் அம்மா மேட்ச் பார்க்க வந்தால் 27-ஐயா பார்ப்பார்? ஆஸ்திரேலியாக்காரன் நம்பர் போட்டான் என்பதற்காக நாமும் போட வேண்டுமா?

பழைய ஸ்கோர்புக் எழுதியது:

முகம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஜெர்சியில் வேண்டாம் என்கிறேன். அந்த ஜெர்சியோடு ஒருவன் டைவ் அடிப்பான், சேற்றில் புரளுவான், மேட்ச் முடிந்து டீக்கடையில் அதிலேயே வாயைத் துடைப்பான், தோற்ற கோபத்தில் சுருட்டி பைக் சீட்டுக்கு அடியில் திணிப்பான். அதில் அவர் முகம் இருப்பதை அவர் அம்மா பார்த்தால்? அவர் பெயரில் நினைவுக் கோப்பை நடத்தினால் முகத்தை அந்த நோட்டீஸில் போடுங்கள், கோப்பையிலேயே பொறியுங்கள்.

லெக் பை எழுதியது:

டீக்கடை பாயின்ட் சரி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

நியூஜெர்சிக்காரன் எழுதியது:

(பெயரைக் கிண்டல் செய்ய வேண்டாம், நிஜமாகவே அங்கேதான் இருக்கிறேன்.)

இந்தப் பேட்ச் விஷயத்தில் அமெரிக்காக்காரர்கள்தான் பழைய ஆட்கள். பேஸ்பாலில் 1920-இல் கிளீவ்லாந்தின் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு இறந்தபோது, அணி கையில் கருப்புப் பட்டை கட்டி ஆடியது. அப்போது வெறும் பட்டைதான், யாருக்காக என்று பட்டையே சொல்லாது. பின்னால்தான் நம்பரும் எழுத்தும் வந்தன. அதில் மனசில் நிற்பது ராபர்ட்டோ கிளெமென்டே. 1972 கடைசி நாள், நிகராகுவா பூகம்பத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் போர்ட்டோ ரிக்கோ கடலில் விழுந்து இறந்தார். அந்த சீசனின் கடைசியில்தான் 3000-வது ஹிட் அடித்திருந்தார், கணக்கு சரியாக 3000-இலேயே நின்றுவிட்டது. 1973 சீசனில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கையில் 21 என்ற பேட்சோடு ஆடியது, அவர் நம்பரையும் அந்த ஏப்ரலிலேயே ஒதுக்கிவைத்தார்கள்.

சரி, எத்தனை நாளுக்கு? இங்கே எழுதாத வழக்கம், அந்த சீசன் முடியும் வரை. விதிவிலக்கு ஒன்று சொல்கிறேன். சிகாகோ பேர்ஸ், அமெரிக்க ஃபுட்பால் அணி. அதை உருவாக்கியவர் ஜார்ஜ் ஹாலஸ், 1983-இல் இறந்தார். 1984 முதல் இன்றுவரை இடது கையில் "ஜிஎஸ்ஹெச்" என்று அவர் முதலெழுத்துகள் இருக்கின்றன. நாற்பது வருடம். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் மைதானத்துக்கு வருகிற சின்னப் பிள்ளைகளுக்கு அது ஜெர்சி டிசைனின் ஒரு பகுதி, காலரில் கோடு இருக்கிற மாதிரி. யாரும் நின்று யோசிப்பதில்லை. நிரந்தரமாக வைத்தால் நிரந்தரமாக நினைப்பார்கள் என்று நம்புகிறோம், நடப்பது தலைகீழ். அதனால் என் ஓட்டு ஒரு சீசனுக்குத்தான். ஒவ்வொரு வருடமும் இறந்த நாளையொட்டி வரும் மேட்சுக்கு மறுபடி குத்திக்கொள்ளலாம்.

யாருக்குக் குத்துவது என்பதிலும் கவனம் தேவை, ஏனென்றால் அடுத்தது வரும். 2010 ஜூலையில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணிக்கு இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு சாவு. ஒருவர் முதலாளி ஸ்டைன்பிரென்னர், இன்னொருவர் பாப் ஷெப்பர்ட், ஐம்பது வருடத்துக்கும் மேலாக மைதானத்தில் மைக் பிடித்து வீரர்கள் பெயரை அறிவித்தவர். இருவருக்கும் பேட்ச் வைத்தார்கள். முதலாளிக்கு நெஞ்சில், மைக்காரருக்குக் கையில். ஏன் அவருக்கு அங்கே, இவருக்கு இங்கே என்று இன்றைக்கும் ரசிகர்கள் கேட்பார்கள். ஆனால் ஒரு அறிவிப்பாளருக்குப் பேட்ச் குத்தினார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. நம் ஊர் டோர்னமெண்ட்களில் நாலு நாள் தொண்டை கிழியக் கமெண்டரி சொல்கிற மைக் அண்ணன்களை யார் நினைக்கிறார்கள்?

நம்பரை ஒதுக்குவது பற்றி: பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சனின் 42-ஐ 1997-இல் எல்லா மேஜர் லீக் அணிகளிலும் ஒதுக்கினார்கள். ஆனால் அந்த நேரம் 42 போட்டிருந்தவர்களைக் கழற்றச் சொல்லவில்லை, கடைசி ஆள் மரியானோ ரிவெரா 2013 வரை அதோடு ஆடி ஓய்வு பெற்றார். இப்போது வருடத்தில் ஒரு நாள், ஏப்ரல் 15, எல்லா வீரர்களும் 42 போடுகிறார்கள். கூடைப்பந்திலும் 2022-இல் பில் ரசல் இறந்தபோது 6-ஐ என்பிஏ லீக் முழுக்க ஒதுக்கி, அந்த சீசனில் எல்லா அணியின் தோளிலும் 6 பேட்ச் வைத்தார்கள். அப்போதும் லெப்ரான் ஜேம்ஸ் உட்பட ஏற்கெனவே 6 போட்டிருந்தவர்களுக்கு விலக்கு. உங்கள் விஷயத்தில் கேட்பவன் அவர் அண்ணன் மகன் என்கிறீர்கள். என்னைக் கேட்டால் ஒரு சீசன் யாருக்கும் தராமல் வைத்திருந்து, அப்புறம் அவனுக்கே கொடுங்கள். அவனை விட யார் அதை ஒழுங்காகப் போடுவார்கள்?

கடைசியாக ஒரு வேடிக்கை. 1939-இல் பேஸ்பாலுக்கு நூறு வயது என்று எல்லா மேஜர் லீக் அணிகளும் கையில் நூற்றாண்டுப் பேட்ச் குத்தினார்கள். 1839-இல் அப்னர் டபுள்டே என்பவர் கூப்பர்ஸ்டவுனில் ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்ற கதையை நம்பி. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுதான் வரலாற்று ஆய்வாளர்கள் முடிவு. நடக்காத சம்பவத்துக்கு சீசன் முழுக்க பேட்ச். ஆகவே தேதி போடுவதென்றால் வீட்டில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், ஆதாரில் ஒன்று ஜாதகத்தில் ஒன்று என்று இருக்கும்.

வடக்கு ஸ்டாண்ட் எழுதியது:

எல்லாரும் பேட்சை எங்கே வைப்பது என்று பேசுகிறீர்கள், பக்கத்தில் என்ன இருக்கப் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. தம்பி, உங்கள் ஜெர்சியில் ஸ்பான்சர் யார்? ஊர் டீம் ஜெர்சி எனக்கும் தெரியும். நெஞ்சில் ஹார்டுவேர் கடை, முதுகில் ரியல் எஸ்டேட், கையில் "அன்பளிப்பு" என்று கும்பிட்டபடி ஒருவர். அதற்கு நடுவில் 27-ஐச் செருகினால் அதுவும் ஒரு கடை பெயர் மாதிரிதான் தெரியும்.

மியூனிக் விமான விபத்து 1958 பிப்ரவரி 6. மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணி வீரர்கள் 8 பேர் உட்பட 23 பேர் இறந்தார்கள். ஐம்பது வருடம் கழித்து 2008 பிப்ரவரி 10 அன்று சொந்த மைதானமான ஓல்டு டிராஃபர்டில் மான்செஸ்டர் சிட்டியோடு ஆட்டம். யுனைடெட் அன்று பேட்ச் குத்தவில்லை. அதற்குப் பதிலாகச் சட்டையில் இருந்ததையெல்லாம் எடுத்தார்கள். 1958 மாதிரியிலேயே வெறும் சிவப்புச் சட்டை, ஸ்பான்சர் இல்லை, வீரர் பெயர் இல்லை, முதலில் இறங்கிய பதினோரு பேருக்கும் 1 முதல் 11 வரை நம்பர். எதிரி சிட்டியும் தன் ஸ்பான்சரை எடுத்துவிட்டு நெஞ்சில் சின்னக் கருப்பு ரிப்பனோடு வந்தது. கால்பந்தில் சட்டையில் ஒரு அங்குல இடத்துக்கும் விலை இருக்கிற காலத்தில், காலியாக விட்ட அந்த இடம்தான் பெரிய அஞ்சலி என்பேன். (சிட்டி 2-1 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அஞ்சலிக்கெல்லாம் ஸ்கோர்போர்டு இரங்காது.)

முடிந்தால் முதல் மேட்சுக்கு மட்டும் ஸ்பான்சர் இல்லாத ஒரு செட் அடியுங்கள். ஹார்டுவேர் கடைக்காரர் நல்ல மனிதராக இருந்தால் அதற்கும் அவரே காசு தருவார், நான் பார்த்திருக்கிறேன்.

நியூஜெர்சிக்காரன் எழுதியது:

இதை ஆமோதிக்கிறேன். இங்கே 2023 முதல் பேஸ்பால் சட்டைக் கையில் ஸ்பான்சர் பேட்ச் வந்துவிட்டது. வலது கை பேட்டருக்கு இடது கையிலும், இடது கை பேட்டருக்கு வலது கையிலும் தைக்கிறார்கள். எதற்கு? பேட் பிடித்து நிற்கும்போது எந்தக் கை டிவி கேமராவுக்குத் தெரியுமோ அந்தக் கையில். கிளெமென்டேயின் 21 இருந்த மாதிரியான இடத்துக்கு இன்று வாடகை.

லெக் பை எழுதியது:

லிவர்பூல் கால்பந்து அணியின் சட்டையில் கழுத்துக்குப் பின்னால் ஒரு எண் இருக்குமே, அது நிரந்தரம்தானே? அதை யாரும் மறக்கவில்லையே? நியூஜெர்சி அண்ணன் சொன்ன "நிரந்தரம் என்றால் மறதி" எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

வடக்கு ஸ்டாண்ட் எழுதியது:

நல்ல கேள்வி. அது மறக்காமல் இருப்பதற்குக் காரணம் துணி இல்லை. 1989 ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் இறந்த லிவர்பூல் ரசிகர்களின் குடும்பங்கள் பத்துப் பத்து வருடமாக நீதிமன்றத்துக்கும் விசாரணைக்கும் நடந்தார்கள், ரசிகர்கள் மேல் போட்ட பழியைத் துடைக்க. 2016-இல்தான் அது சட்டவிரோதக் கொலை என்று விசாரணை முடிவு வந்தது. சண்டை உயிரோடு இருந்ததால் எண்ணும் உயிரோடு இருந்தது. பல வருடம் 96 என்று இருந்தது. அன்று பலத்த காயமடைந்து 32 வருடம் அப்படியே வாழ்ந்த ஒரு ரசிகர் 2021-இல் இறக்க, அவரும் அந்த விபத்தால் இறந்தவரே என்று தீர்ப்பாகி, 2022-23 சட்டையில் 97 ஆனது. தைத்த எண்ணை மாற்றித் தைத்தார்கள். சிகாகோ எழுத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

நோபால் எழுதியது:

நீங்கள் ஆடுவது மாவட்ட லீக் என்றால் முன்கூட்டியே செயலாளரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். மேட்ச் அன்று காலையில் யாராவது ஒரு நடுவர் "இது யூனிஃபார்ம் இல்லை" என்று ஆரம்பித்தால் தலைவலி. எங்களுக்கு ஒருமுறை கருப்புப் பட்டைக்கே விளக்கம் கேட்டார்கள்.

மேல்மட்டத்தில் இது எவ்வளவு இழுபறி என்று பாருங்கள். புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு 2019 மார்ச் 8 அன்று ராஞ்சியில் இந்திய அணி ராணுவத் தொப்பி போட்டு ஆடியது. பாகிஸ்தான் ஐசிசியிடம் புகார் கொடுத்தது, ஐசிசி "முன்கூட்டியே அனுமதி வாங்கினார்கள்" என்று முடித்துவிட்டது. மூன்றே மாதத்தில் உலகக் கோப்பையில் தோனி கீப்பிங் கிளவுஸில் பலிதான் என்ற ராணுவ முத்திரையோடு இறங்கினார். எடுங்கள் என்றது ஐசிசி, ஏனென்றால் அதன் போட்டிகளில் தனிப்பட்ட முத்திரைக்கு இடமில்லை, தவிர கிளவுஸில் என்ன இருக்கலாம் என்று தனி விதி. அதே ஆள், அதே ராணுவ மரியாதை, ஒன்று செல்லும், ஒன்று செல்லாது. தல ரசிகர்கள் அன்று போட்ட சண்டை நினைவிருக்கும்.

2023 டிசம்பரில் பெர்த்தில் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, ஷூவில் "எல்லா உயிர்களும் சமம்" என்று எழுதிக்கொண்டு ஆட ஐசிசி விடவில்லை. அவர் கருப்புப் பட்டை கட்டி ஆடினார், அதற்கு அனுமதி கேட்கவில்லை என்று கண்டனம் வந்தது. சொந்த இழப்புக்காகக் கட்டினேன் என்றார். எது துக்கம், எது அரசியல் என்று துணியை வைத்து எப்படி அளப்பது? 2003 உலகக் கோப்பையில் ஆண்டி ஃபிளவரும் ஹென்ரி ஒலோங்காவும் ஹராரேயில் கருப்புப் பட்டை கட்டினார்கள், ஜிம்பாப்வேயில் ஜனநாயகம் செத்ததற்கு துக்கம் என்று அறிக்கையே கொடுத்துவிட்டு. ஒரு இன்ச் கருப்பு டேப். அந்த உலகக் கோப்பையோடு இருவருக்கும் ஜிம்பாப்வே கிரிக்கெட் முடிந்தது.

உங்கள் கீப்பர் அண்ணன் விஷயத்தில் இந்த வம்பெல்லாம் வராது. கையில் ஒரு கடிதம் மட்டும் இருக்கட்டும்.

ஆறாவது பந்து எழுதியது:

யாரும் தொடாத ஒன்று. எல்லாரும் கட்டாயம் போட வேண்டும் என்று விதி வைக்காதீர்கள். இங்கிலாந்தில் நவம்பர் வந்தால் போரில் இறந்த வீரர்களுக்காக எல்லா அணிச் சட்டையிலும் சிவப்பு பாப்பி பூ ஏறிவிடும். ஜேம்ஸ் மெக்ளீன் என்ற அயர்லாந்து கால்பந்து வீரர் 2012 முதல் அதைப் போட மறுத்துவந்தார். அவர் ஊர் டெர்ரி, 1972-இல் 'ரத்த ஞாயிறு' அன்று பிரிட்டிஷ் படை நிராயுதபாணிகளைச் சுட்ட ஊர். இரண்டு உலகப் போரில் செத்தவர்களுக்கு மட்டும் என்றால் தினமும் போடுவேன், ஆனால் இந்தப் பூ எல்லாப் போர்களுக்கும் சேர்த்து இருக்கிறது, என் ஊர் மக்களை அவமதிக்க முடியாது என்று 2014-இல் தன் கிளப் உரிமையாளருக்கு விளக்கமாகக் கடிதம் எழுதினார். அதற்குப் பிறகும் வருடா வருடம் கேலரியிலிருந்து கூச்சல்.

உங்கள் டீமில் யாரும் அப்படி மறுக்க மாட்டார்கள். ஆனால் யாராவது ஒருவன், அவருக்கு ரொம்ப நெருக்கமானவனாகவே இருப்பான், "எனக்கு வேண்டாம்டா, அதைப் பார்த்தால் ஆட முடியாது" என்பான். அவனை விட்டுவிடுங்கள். அப்புறம் வீட்டில் கேளுங்கள், டீம் முடிவு செய்வதற்கு முன்னால். பின்னால் போய்ச் சொல்வது கேட்டதாகாது.

நியூஜெர்சிக்காரன் எழுதியது:

வீட்டைப் பற்றிச் சொன்னதும் ஞாபகம் வருகிறது. 2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணியின் பந்து வீச்சாளர் டைலர் ஸ்காக்ஸ் இறந்துபோனார், வயது 27. சொந்த மைதானத்தில் அடுத்து ஆடிய முதல் மேட்சில், ஜூலை 12, அணியில் அத்தனை பேரும் அவர் பெயரும் 45-உம் போட்ட சட்டையில் இறங்கினார்கள். சடங்குக்கான முதல் பந்தை அவர் அம்மா வீசினார். அன்று ஏஞ்சல்ஸ் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 13-0 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்து எல்லாரும் சட்டையைக் கழற்றி, அவர் பந்து வீசும் அந்த மேட்டின் மேலேயே பரப்பிவிட்டுப் போனார்கள். மீதி சீசனுக்கு 45 பேட்ச் மட்டும்.

ஒரு மேட்சுக்கு எல்லாரும் 27. லெக் பை கேட்கிற அந்த அம்மாவுக்கு அதை விடப் பெரிய போட்டோ கிடையாது. ஆனால் ஸ்கோரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பதினோரு 27-ஐ வைத்து அவர் என்ன எழுதுவார்!

ஓவர்லாக் எழுதியது:

திருப்பூரில் ஜெர்சி தொழிலில்தான் இருக்கிறேன், தைக்கிற கதைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு சீசனா நிரந்தரமா என்று முடிவு செய்துவிட்டு என்னைப் போன்ற ஆளிடம் போங்கள், ஏனென்றால் வேலையே மாறுகிறது. இப்போது டீம் ஜெர்சி பெரும்பாலும் சப்ளிமேஷன். வெள்ளை பாலியஸ்டர் துணியில் டிசைனைச் சூட்டில் ஏற்றி, அப்புறம் வெட்டித் தைப்பது. அதிலேயே 27-ஐச் சேர்த்துவிட்டால் தனியாகச் செலவே இல்லை, ஆனால் துணியோடு சாயமாக இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. கழற்ற வேண்டும் என்றால் தனிப் பேட்ச்தான்.

தனிப் பேட்ச் என்றால் எம்பிராய்டரி. ஜெர்சி மேலேயே நேராக அடிக்கச் சொல்லாதீர்கள். அந்த மெல்லிய டாட் நிட் துணி ஊசியின் இழுப்பைத் தாங்காது, சுற்றிலும் சுருங்கிக்கொள்ளும். கெட்டியான ட்வில் துணியில், அடியில் துணியைத் தாங்குகிற பேக்கிங் பேப்பர் வைத்து அடித்து, ஓரம் கட்டி, பிறகு ஜெர்சிக் கையில் வைத்துத் தைக்க வேண்டும். பின்னால் பசை தடவிய பேட்சும் வரும், அயர்ன் பண்ணி ஒட்டுவது. அதை மட்டும் நம்பினால் சில துவையலில் ஒரு மூலை எழும்பும். ஒட்டினாலும் சுற்றி ஒரு தையல் போட்டுவிடுங்கள்.

அளவு இரண்டரை, மூன்று இன்ச் போதும். அந்த அளவில் "கண்ணீர் அஞ்சலி", தோற்றம் மறைவு எல்லாம் நூலில் அடித்தால் எழுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டி அடைத்துக்கொள்ளும், குறிப்பாகத் தமிழ் எழுத்தின் சுழிகள். முகமும் நூலில் வராது, யாரோ ஒருவர் மாதிரி வரும். குரூப்பில் சண்டை முடியவில்லை என்றால் இதைச் சொல்லுங்கள், மரியாதை பற்றிய வாதத்தை விட இது சீக்கிரம் வேலை செய்யும். 27 தெளிவாக வரும்.

மூன்றாவது ஸ்லிப் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. திரியை அப்படியே குரூப்பில் போட்டுவிட்டேன். போட்டோ கட்சி கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது, "தமிழ் சுழி அடைத்துக்கொள்ளும்" என்பதைப் படித்துத்தான். நாளை அண்ணி வீட்டுக்குப் போய்க் கேட்கிறோம். முதல் மேட்சுக்கு எல்லாரும் 27 என்ற யோசனையில் எல்லாரும் ஒரே குரல், காசுதான் இடிக்கிறது.

ஓவர்லாக் அண்ணா, இரண்டு கேள்வி. அந்த ஒரு மேட்சுக்குப் புது செட் அடிக்காமல் போன வருட ஜெர்சியின் முதுகிலேயே 27 ஒட்ட முடியுமா? ஜெர்சி மெரூன் கலர், நம்பர் வெள்ளை. இன்னொன்று, பேட்சை சீசன் முடிந்து எடுத்தால் துணியில் அடையாளம் விழுமா?

ஓவர்லாக் எழுதியது:

மெரூன் பாலியஸ்டரில் வெள்ளை ஒட்டும்போதுதான் பிரச்சினையே. சூடு பட்டதும் துணியின் சாயம் மேலே ஏறி, வெள்ளை நம்பர் ரோஸ் ஆகிவிடும். உடனே தெரியாது, ஓரிரு நாளில் ஏறும். டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சடித்துத் துணியில் சூட்டில் ஒட்டுவது) அடிக்கிற ஆளிடம் சாயம் தடுக்கிற ஃபிலிம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் சூட்டைக் குறைத்து ஒரு பழைய ஜெர்சியில் அடித்து, இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். ஒரே மேட்சுக்குத்தான் என்றால் இதைவிட வெள்ளை ரவுண்ட் நெக் டீஷர்ட்டில் மெரூன் 27 அடிப்பது மலிவு, சாயம் ஏறுகிற கதையும் இல்லை. ஸ்பான்சரும் இருக்காது, வடக்கு ஸ்டாண்ட் சந்தோஷப்படுவார். சிவப்புப் பந்தில் ஆடுகிறீர்களா, வெள்ளைப் பந்தா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளைப் பந்துக்கு வெள்ளைச் சட்டை ஆகாது.

பேட்ச் எடுத்தால் ஊசித் துளை லேசாகத் தெரியும், ஒரு துவையலில் பாதி மூடிக்கொள்ளும். சுற்றியுள்ள துணி வெயிலில் வெளுத்து, பேட்ச் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. பிரிக்கும்போது பிளேடு வைக்காதீர்கள், சீம் ரிப்பர் என்று கேட்டால் தையல் சாமான் கடையில் கிடைக்கும். பொங்கல் டோர்னமெண்ட்டுக்கு என்றால் இப்போதே ஆர்டர் கொடுத்துவிடுங்கள், மார்கழி பிறந்துவிட்டால் எந்த யூனிட்டிலும் சின்ன ஆர்டரை எடுக்க மாட்டார்கள்.